எந்த வாசலில் போய் நிற்பது?

2007-ம் வருஷம், மார்கழி மாதத்து விடியற்காலை. கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்டுக்கொண்டிருந்தது. மாம்பலத்தில் எங்கள் பெரியப்பா வழக்கம்போல் குளித்துவிட்டு, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, ஊஞ்சலில் வந்து உட்கார்ந்தார். பெரியம்மா காப்பியைக் கொண்டுவந்து நீட்டினாள். அவர் கை டம்ளர் வரைக்கும் வந்தது. டம்ளர் கையில் நிற்கவில்லை.

"என்னங்க, இன்னும் தூக்கம் கலையலையா?" என்று பெரியம்மா சிரித்துக்கொண்டே கேட்டாள்.

அவர் ஏதோ பதில் சொன்னார். வாயில் கூழாங்கல்லை அடக்கிக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது. உதட்டின் வலது ஓரம் கீழே இறங்கியிருந்தது. மணி ஐந்தேகால்.

அப்புறம் பெரியம்மா செய்ததை, இதைப் படிக்கிற சகோதரிகள் யாராயிருந்தாலும் அந்த நிலையில் செய்திருப்பார்கள். "வெறும் வயிறு, மயக்கம்போல் இருக்கிறது" என்று காப்பியில் இன்னும் ஒரு கரண்டி சர்க்கரை போட்டு, ஆற்றி, ஸ்பூனால் வாயில் புகட்டினாள். இரண்டு ஸ்பூன் உள்ளே போயிற்று. மூன்றாவது ஸ்பூனில் புரை ஏறிற்று. ஏறின புரை அடங்கக் கால் மணி நேரம் பிடித்தது.

ஆட்டோ வைத்து இரண்டு தெரு தள்ளி இருந்த நர்ஸிங் ஹோமுக்குக் கொண்டுபோனோம். பெயர் வேண்டாம். "இருபத்து நாலு மணி நேரமும் சேவை" என்று வாசலில் வெளிச்சப் பலகை எரிந்துகொண்டிருந்தது. உள்ளே ஒரு நர்ஸ் இருந்தாள். கட்டில் இருந்தது. மூளையைப் படம் பிடிக்கிற ஸ்கான் மெஷின்கூட மாடியில் இருந்தது. அதை ஓட்டுகிறவர் மட்டும் ஒன்பது மணிக்குத்தான் வருவாராம்! வந்தார். படம் எடுத்து முடிக்கும்போது ஒன்பது நாற்பது. பெரிய டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதற்கு ஓர் ஊசி இருக்கிறது. ஆனால் மூன்று மணி நேரத்துக்குள் போட்டிருக்க வேண்டும்" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

நாலாம் நாள் பெரியப்பாவுக்கு நிமோனியா ஜுரம் வந்தது. அதிலிருந்து மீண்டார். மீண்டு நாலு வருஷம் இருந்தார். வலது கை கடைசிவரை மடியிலேயே கிடந்தது. பேச்சில் ஒரே ஒரு வார்த்தை தங்கிற்று: "சரி." சாப்பாடு வேண்டுமா என்றாலும் சரி, வேண்டாமா என்றாலும் சரி. கோபம் வந்தால் அதே "சரி"யைக் கொஞ்சம் உரத்துச் சொல்வார்.

நான் அப்போது கல்லூரியில் முதல் வருஷம். யாரைக் கோபித்துக்கொள்வது என்று தெரியாமல் எல்லோரையும் கோபித்துக்கொண்டேன். இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அந்த நர்ஸ் மேலோ, ஸ்கான்காரர் மேலோ, அந்த டாக்டர் மேலோ எனக்குக் கோபம் இல்லை. வாசலில் எரிந்த அந்தப் பலகை மேல்தான் இன்னும் கோபம் ஆறவில்லை. 'இந்த வாசலுக்கு வந்தால் இன்னின்னது, இத்தனை நிமிஷத்துக்குள் நடக்கும்' என்று யாராவது பரீட்சை வைத்துப் பார்த்த பிறகல்லவா அப்படி ஒரு பலகையை மாட்ட விட வேண்டும்?

அப்படிப் பரீட்சை வைத்த ஊர் ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் இந்த அமர்க்களம் நடந்த அதே 2007-ல்தான் அங்கே அதற்குப் பிள்ளையார் சுழி போட்டார்கள். அந்த ஊர் லண்டன்.

லண்டனுக்குப் போகுமுன் நோயைப் பற்றி இரண்டு வார்த்தை.

நாம் பாரிசவாயு என்றும் பக்கவாதம் என்றும் சொல்வதை டாக்டர்கள் ஸ்ட்ரோக் என்கிறார்கள். மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாக அடைத்துக்கொண்டாலும் இது வரும். குழாய் வெடித்து ரத்தம் மூளைக்குள் கசிந்தாலும் இது வரும். மேல்நாடுகளில் நூற்றுக்குச் சுமார் 85 பேருக்கு வருவது அடைப்பு, மற்றவர்களுக்குக் கசிவு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒன்றாகவே இருக்கும். எவ்வளவு கெட்டிக்கார டாக்டரானாலும் நாடியைப் பிடித்து, இது அடைப்பு, இது கசிவு என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. இதில்தான் விபரீதம். அடைப்பைக் கரைக்கிற மருந்தைக் கசிவுக்காரருக்குக் கொடுத்தால் எமனுக்கு வழி காட்டினது போலாகும். ஆகவே முதலில் ஸ்கான், அப்புறம்தான் ஊசி.

அந்த ஊசி மருந்துக்கு ஆல்டிபிளேஸ் என்று பெயர். நோய் கண்ட மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் உண்டு என்று 1995-ல் அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று காட்டிற்று. நாலரை மணி நேரம் வரைக்கும் கொடுக்கலாம் என்று 2008-ல் ஐரோப்பிய ஆராய்ச்சி ஒன்று தவணையைக் கொஞ்சம் நீட்டிற்று. 2015-ம் வருஷத்திலிருந்து இன்னொரு வித்தையும் நிலைபெற்றுவிட்டது. தொடை வழியாக மெல்லிய குழாயை மூளை வரைக்கும் செலுத்தி, அடைத்திருக்கும் கட்டியையே பிடித்து இழுத்து வெளியே எடுத்துவிடுகிறார்கள்! சிலருக்கு இருபத்து நாலு மணி நேரம் வரைகூட இதைச் செய்யலாம் என்கிறார்கள். அதை நம்பிச் சாவகாசமாக இருந்துவிடக் கூடாது. பெரிய குழாய் ஒன்று அடைத்திருக்கும்போது, கழிகிற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் மூளையில் 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று 2006-ல் ஒரு அமெரிக்க நிபுணர் கணக்குப் போட்டுக் காட்டினார். பெரியப்பா வீட்டிலிருந்து ஸ்கான் முடியும்வரை ஆன நேரத்தை இந்த 19 லட்சத்தால் பெருக்கிப் பார்க்க ஒரு நாள் உட்கார்ந்தேன். பாதியில் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

ஊசி கண்டுபிடித்தாயிற்று. அதைத் தக்க நேரத்தில் போடுகிற ஆஸ்பத்திரி வேண்டாமா? 1996 டிசம்பரில் அமெரிக்க டாக்டர்கள் கூடி, கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு கணக்கு வகுத்தார்கள். நோயாளி வாசலுக்குள் நுழைந்த 10 நிமிஷத்தில் டாக்டர் பார்க்க வேண்டும். 25 நிமிஷத்தில் ஸ்கான் ஆரம்பமாக வேண்டும். 60 நிமிஷத்துக்குள் ஊசி ஏற வேண்டும். பாரிசவாயு ஆஸ்பத்திரி என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால் இன்னின்ன வசதி இருக்க வேண்டும் என்று 2000-ல் ஒரு நிபுணர் கூட்டம் பட்டியல் போட்டது. 2003-ம் வருஷக் கடைசியிலிருந்து அங்கே ஆஸ்பத்திரிகளைச் சோதித்துச் சான்றிதழ் தரவும் ஆரம்பித்துவிட்டார்கள்.

அறுபது நிமிஷம் என்பது அசாத்தியம் என்று நினைப்பவர்கள் பின்லாந்து தேசத்து ஹெல்சிங்கியைப் பார்க்கலாம். அந்த நகரத்துப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் 1998-ல், வாசலிலிருந்து ஊசி வரை 105 நிமிஷம் ஆகிக்கொண்டிருந்தது. 2011-ல் அது 20 நிமிஷம்! புது மெஷின் வாங்கி அல்ல. ஆம்புலன்ஸ்காரர் வழியிலிருந்தே டெலிபோன் செய்துவிடுவார். நோயாளி வருவதற்குள் அவருடைய பழைய வைத்தியக் குறிப்புகளை எடுத்து வைத்துவிடுவார்கள். வந்தவரைக் கட்டிலில் மாற்றிப் போட்டு, துணி மாற்றி, பெயர் எழுதி என்று உபசாரம் ஒன்றும் கிடையாது; ஆம்புலன்ஸ் ஸ்டிரெச்சரோடு நேராக ஸ்கான் அறை. படம் சரியாக இருந்தால் அந்த மேஜையிலேயே ஊசி. நம் வீடுகளில் கல்யாணத்துக்கு முதல் நாளே காய்கறி நறுக்கி வைத்துக்கொள்கிறோமே, அந்த யுக்திதான்.

ஆனால் ஹெல்சிங்கி விஷயம் ஓர் ஆஸ்பத்திரி தன் வீட்டைத் தானே சீர் செய்துகொண்ட விஷயம். லண்டனில் நடந்தது வேறு. அங்கே ஒரு முழு நகரத்தையே சீர் செய்தார்கள்.

லண்டனில் அப்போது சுமார் முப்பது ஆஸ்பத்திரிகள் பாரிசவாயு நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டிருந்தன. எல்லாம் சர்க்கார் ஆஸ்பத்திரிகள்; காசு கிடையாது. ஆனால் ஒன்றுக்கொன்று ஏணி வைத்தாலும் எட்டாது. ஓரிடத்தில் நிபுணர் உண்டு, ராத்திரி ஸ்கான் இல்லை. இன்னோரிடத்தில் ஸ்கான் உண்டு, சனி ஞாயிறு நிபுணர் இல்லை. நீங்கள் எந்தப் பேட்டையில் குடியிருக்கிறீர்கள், எந்தக் கிழமையில் விழுந்தீர்கள் என்பதைப் பொறுத்தது உங்கள் தலையெழுத்து. பாரிசவாயுவை அவசர வியாதியாகவே அந்த நாட்டில் நடத்துவதில்லை என்று பிரிட்டிஷ் தணிக்கை அலுவலகம் 2005-ல் வெளியிட்ட அறிக்கை குட்டிற்று. 2007-ல், அறுவை சிகிச்சை நிபுணர் ஆரா டார்ஸி என்பவர் லண்டன் வைத்தியத்தைப் பற்றி ஓர் அறிக்கை தயாரித்தார். பாரிசவாயு மாதிரி நோய்களுக்கு எல்லா ஆஸ்பத்திரியும் எல்லாம் செய்வது என்பது உதவாது. தேர்ந்தெடுத்த சில இடங்களில் முழு ஏற்பாட்டையும் வைக்க வேண்டும் என்று அதில் எழுதினார்.

இங்கேதான் நம் மனசு முரண்டும். ஆபத்துக் காலத்தில் கிட்ட இருக்கிற ஆஸ்பத்திரிக்குத்தானே ஓட வேண்டும்? அதைத் தாண்டிக்கொண்டு, தூரத்தில் இருக்கிற இன்னொன்றுக்கு ஆம்புலன்ஸ் போனால், நடுவழியில் ஏதாவது ஆகிவிட்டால்? லண்டன்வாசிகளும் அப்படித்தான் கேட்டார்கள். 2009-ல் பொதுஜனங்களின் அபிப்பிராயத்தைக் கேட்டபோது, "எங்கள் பேட்டை ஆஸ்பத்திரிக்கு என்ன குறைச்சல்?" என்கிற குரல் இல்லாமல் இல்லை. டாக்டர்களிலேயே பலர் முகத்தைச் சுளித்தார்கள். தன் ஆஸ்பத்திரிக்கு லாயக்கு இல்லை என்று சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்?

திட்டம் போட்டவர்கள் அசையவில்லை. ஊரெல்லாம் சேர்த்து எட்டே எட்டு ஆஸ்பத்திரிகளைப் பொறுக்கினார்கள். மேற்கே சேரிங் கிராஸ், தெற்கே கிங்ஸ் காலேஜ், கிழக்கே ஒயிட்சாப்பலில் இருக்கும் ராயல் லண்டன், டூட்டிங்கில் செயின்ட் ஜார்ஜஸ் என்று நாலா திசையிலும் பரவலாக எட்டு. லண்டனில் எந்த மூலையிலிருந்து புறப்பட்டாலும் இந்த எட்டில் ஒன்றுக்கு 30 நிமிஷத்துக்குள் ஆம்புலன்ஸ் போய்ச் சேர வேண்டும் என்பது தேர்வில் ஒரு முக்கிய நிபந்தனை. முதல் 72 மணி நேரம் வரை நோயாளி அங்கே இருப்பார். ஆபத்து நீங்கினதும், வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற இரண்டாம் கட்ட ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படி 24 இடங்கள். பேட்டை ஆஸ்பத்திரிக்கு வேலை போய்விடவில்லை, வேலை மாறிற்று.

பொறுக்கின எட்டுக்கும் பலகையை உடனே மாட்டிவிடவில்லை. இராப்பகல் எந்நேரமும் நிபுணர் கிடைக்கிறாரா, ஸ்கான் நடக்கிறதா, நர்ஸுகள் போதுமா என்று ஆள் அனுப்பிச் சோதித்தார்கள். அதற்கெல்லாம் மேலே ஒரு கிடுக்கிப்பிடியும் போட்டார்கள். இந்த வேலைக்காகக் கொடுக்கிற கூடுதல் பணம், நிபந்தனைகளை நிறைவேற்றினால்தான் உண்டு, தவறினால் கிடையாது! கணக்குப்பிள்ளை புத்திதான். ஆனால் சில நல்ல காரியங்கள் கணக்குப்பிள்ளையால்தான் நடக்கின்றன.

நர்ஸுகள் கணக்கைப் பார்த்து நான் முதலில் சிரித்துவிட்டேன். இந்த முதல்கட்ட வார்டில் ஒரு கட்டிலுக்கு 2.9 நர்ஸ் வேண்டும் என்கிறது பிரிட்டிஷ் விதி. இரண்டு நர்ஸ் சரி, அந்தப் புள்ளி ஒன்பது நர்ஸ் எப்படி இருப்பாள்? விசாரித்ததில் விஷயம் விளங்கிற்று. பகல் ஷிப்டு, ராத்திரி ஷிப்டு, வார விடுமுறை, லீவு எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்து, எந்த நேரத்திலும் கட்டில் பக்கம் ஆள் இருக்க வேண்டுமானால் சம்பளப் பட்டியலில் கட்டிலுக்கு இத்தனை பேர் வேண்டும் என்று அர்த்தம். அந்த நர்ஸுகளிலும் பத்துக்கு எட்டுப் பேர் முறையாகப் படித்துத் தேறினவர்களாக இருக்க வேண்டும்.

இந்த நர்ஸ் சமாசாரத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போக வேண்டும். பத்திரிகைகளில் பெரிய எழுத்தில் வருவது ஊசியும் குழாயும்தான். அடைப்பு வந்தவர்கள் எல்லோருக்கும் அந்த ஊசி போட முடிவதில்லை. நேரம் தாண்டிப் போனவர்கள், ரத்தக் கசிவுக்காரர்கள், வேறு காரணத்தால் கூடாதவர்கள் என்று மிச்சம் இருப்பவர்களே அதிகம். அவர்களைக் காப்பாற்றுவது எது?

2011-ல் லான்செட் வைத்தியப் பத்திரிகையில் ஆஸ்திரேலியாவிலிருந்து ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. நடத்தினவர் சாண்டி மிடில்டன் என்கிற நர்ஸிங் பேராசிரியை. நியூ சவுத் வேல்ஸ் மாகாணத்தில் பத்தொன்பது பாரிசவாயு வார்டுகள். அவற்றில் ஒரு பாதி வார்டுகளில் நர்ஸுகளுக்கு மூன்றே மூன்று காரியங்களை விதியாக்கினார். முதல் 72 மணி நேரம் ஜுரத்தைக் கவனித்து உடனே தணிக்க வேண்டும். ரத்தத்தில் சர்க்கரையைப் பார்த்து ஏறவிடாமல் வைத்திருக்க வேண்டும். விழுங்க முடிகிறதா என்று சோதிக்காமல் வாயில் எதுவும் கொடுக்கக் கூடாது. மூன்று மாதம் கழித்து எண்ணிப் பார்த்தார்கள். வழக்கம்போல் நடந்த வார்டுகளில் நூற்றுக்கு 58 பேர் இறந்தோ, பிறர் கையை எதிர்பார்க்கும் நிலையிலோ இருந்தார்கள். மூன்று விதியைக் கடைப்பிடித்த வார்டுகளில் 42 பேர். புது மருந்து ஒரு சொட்டு இல்லை. தெர்மாமீட்டரும், விரல் நுனியில் ஊசிக் குத்தும், ஒரு ஸ்பூன் தண்ணீரும்!

அந்த ஸ்பூன் தண்ணீர்தான் என் நெஞ்சில் வந்து நின்றது. பாரிசவாயு முகத்தையும் கையையும் இழுத்துக்கொள்வதுபோலத் தொண்டையையும் மந்தப்படுத்தும். விழுங்குவது சாப்பாட்டுக் குழாய்க்குப் போகாமல் மூச்சுக் குழாய்க்குப் போய்விடும். அங்கிருந்து நுரையீரல், அங்கே நிமோனியா. பழகின நர்ஸ் நோயாளியை நிமிர்த்தி உட்கார வைத்து, ஸ்பூன் ஸ்பூனாகத் தண்ணீர் கொடுத்து, இருமல் வருகிறதா, குரல் ஈரமாகக் கரகரக்கிறதா என்று பார்ப்பாள். சந்தேகம் தட்டினால் அத்தோடு நிறுத்திவிடுவாள். ஆஸ்பத்திரிக்கு வந்த நாலு மணி நேரத்துக்குள் இந்தச் சோதனை நடந்தாக வேண்டும் என்று பிரிட்டனில் விதி. நடந்ததா இல்லையா என்று ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும் மார்க் போடுகிறார்கள்.

எங்கள் பெரியம்மாவுக்கு இதையெல்லாம் நான் சொல்லவில்லை. எண்பது வயசாகப் போகிறது. அந்த மூன்றாவது ஸ்பூனை ஏன் ஞாபகப்படுத்த வேண்டும்? உங்களுக்குச் சொல்கிறேன். முகம் கோணி, கை தொங்கி, பேச்சுக் குழறினால், காப்பி வேண்டாம், சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம், விபூதி கலந்த தீர்த்தம்கூட வேண்டாம். கைவசம் இருக்கிற ஆஸ்பிரினும் கூடாது. உள்ளே கசிவாக இருந்தால் அது கெடுதல். கடிகாரத்தைப் பாருங்கள். கடைசியாக அவர் நன்றாக இருந்து பார்த்தது எத்தனை மணிக்கு என்று ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நர்ஸிங் ஹோமில் "எப்போது ஆரம்பித்தது?" என்று கேட்டதற்கு, எங்கள் வீட்டு ஆட்கள் ஐந்து பேர் ஐந்து பதில் சொன்னோம்.

லண்டன் கதைக்கு வருவோம். எட்டு வாசலும் 2010-ல் முழுசாகத் திறந்தன. முகம், கை, பேச்சு இவற்றைப் பார்த்து உடனே டெலிபோன் செய்யுங்கள் என்று அதற்கு முந்தின வருஷமே இங்கிலாந்து முழுவதும் டெலிவிஷனில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸ்காரர்களுக்கு உத்தரவு ஒரே வரி: பாரிசவாயு என்று சந்தேகம் வந்தால், எந்த மணியானாலும், எட்டில் ஒன்றுக்குப் போ.

அதே சமயத்தில், வடக்கே மான்செஸ்டர் வட்டாரத்திலும் இதே திட்டத்தைக் கையில் எடுத்தார்கள். அங்கே இருந்தவர்கள் நல்லவர்கள். எல்லோரையும் கலந்துகொண்டு, எல்லோர் மனசும் கோணாமல் செய்ய வேண்டும் என்று பார்த்தார்கள். மூன்று ஆஸ்பத்திரிகளைப் பொறுக்கினார்கள். எல்லா நோயாளிகளும் அங்கேதான் என்று முதலில் தீர்மானம். அப்புறம் சில ஆஸ்பத்திரிகள் எங்களிடம் நோயாளிகளே வராமல் போய்விடுவார்களே என்று ஆட்சேபித்தன. சரி, சமாதானமாகப் போவோம் என்று ஒரு திருத்தம் போட்டார்கள். நோய் கண்டு நாலு மணி நேரத்துக்குள் இருப்பவர்கள் மட்டும் அந்த மூன்று இடத்துக்கு. மற்றவர்கள் பழையபடி பக்கத்து ஆஸ்பத்திரிக்கு. அந்த மூன்றிலும் ஒன்றுதான் இராப்பகல் திறந்திருந்தது. மற்ற இரண்டும் பகலில் மட்டும். பணத்தை நிபந்தனையோடு முடிச்சுப் போடவும் இல்லை.

நடுரோட்டில் நிற்கிற ஆம்புலன்ஸ்காரரை நினைத்துப் பாருங்கள். நாலு மணி நேரம் ஆயிற்றா, ஆகவில்லையா? தூக்கத்தில் வந்திருந்தால் எந்த மணியிலிருந்து எண்ணுவது? இப்போது எந்த ஆஸ்பத்திரி திறந்திருக்கும்? அவர் பாவம், பக்கத்து ஆஸ்பத்திரிக்கே வண்டியைத் திருப்பியிருப்பார்.

எண்ணிக்கை வந்தது. லண்டனில் பாரிசவாயு நோயாளிகளில் நூற்றுக்கு 93 பேர் அந்த எட்டு இடங்களில் ஒன்றில் சிகிச்சை பெற்றார்கள். மான்செஸ்டர் வட்டாரத்தில் 39 பேர்தான். 2014-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஆராய்ச்சியாளர்கள் இரண்டு நகரங்களையும் நாட்டின் மற்றப் பகுதிகளோடு ஒப்பிட்டுக் காட்டினார்கள். எங்கேயும் மரணங்கள் குறைந்துகொண்டு வந்த காலம் அது. அந்தப் பொதுவான குறைவுக்கும் மேலே லண்டனில் வருஷத்துக்குச் சுமார் 96 உயிர்கள் கூடுதலாகத் தப்பின. நோயாளிகள் ஆஸ்பத்திரியில் இருக்கும் நாளும் ஒரு நாளைக்கு மேல் குறைந்தது. மான்செஸ்டரிலும் இரண்டு நாள் குறைந்தது. ஆனால் உயிர்க் கணக்கில் மற்ற ஊர்களைவிட மிச்சம் ஒன்றும் காணோம்.

இந்த இடத்தில் நான் கட்டுரையைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். மான்செஸ்டர்காரர்கள் செய்த தப்பு நம் வீட்டில் தினமும் நடக்கிற தப்பு. மாமியார் மனசு கோணாமல், நாத்தனார் மனசு கோணாமல், நல்ல தீர்மானத்தில் கொஞ்சம் கிள்ளி, கொஞ்சம் ஒட்டி! யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அந்த ஆட்சேபங்களில் நியாயமும் இருந்திருக்கும். ஆனாலும் 96 பேர் என்பது பெரிய கல்யாணப் பந்தியில் ஒரு வரிசை. வருஷா வருஷம் ஒரு வரிசை.

மான்செஸ்டரைக் குறை சொல்லி விட்டுவிடக் கூடாது. அவர்கள் தங்கள் எண்ணிக்கையை மறைக்கவில்லை. 2015-ல் திட்டத்தைத் திருத்தி எழுதினார்கள்: நாலு மணி நேரம் ஆனாலும் ஆகாவிட்டாலும் எல்லோரும் அந்த மூன்று ஆஸ்பத்திரிகளுக்குத்தான். அதற்கப்புறம் நூற்றுக்கு 86 பேர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள்; அங்கே சேர்ந்தவர்களிடையே மரணம் குறைந்தது என்று 2019-ல் வந்த ஆராய்ச்சி சொல்கிறது. லண்டன் தன் லாபத்தை இழக்காமல் காப்பாற்றிக்கொண்டு வந்ததையும் அதே ஆராய்ச்சி காட்டிற்று.

லண்டனில் செய்ததை அப்படியே நம் ஊரில் செய் என்று நான் சொல்ல வரவில்லை. முப்பது நிமிஷத்தில் எந்த மூலையிலிருந்தும் ஓர் ஆஸ்பத்திரி என்பது ஜனநெருக்கமான பெருநகரத்துக்குச் சாத்தியம். மலைக் கிராமத்துக்குச் சாத்தியமா? இங்கிலாந்திலேயே நாட்டுப்புறப் பகுதிகளில் இதை எப்படிச் செய்வது என்று விவாதம் உண்டு. ஆனால், ஸ்கான் எத்தனை மணிக்கு என்று விசாரிக்க நமக்கு எந்த அறிக்கையும் வேண்டியதில்லை, டெலிபோன் போதும்.

இந்தக் கட்டுரைக்காகப் போன வாரம் நானே விசாரித்தேன். என் வீட்டிலிருந்து கிட்டத்தில் இருக்கிற மூன்று இடங்களுக்கு ராத்திரி பதினோரு மணிக்கு டெலிபோன் செய்தேன். ஒரே கேள்விதான்: "இந்த நேரத்தில் பாரிசவாயு நோயாளியைக் கொண்டுவந்தால் உடனே ஸ்கான் எடுத்து, தேவைப்பட்டால் அந்த ஊசி போடுவீர்களா?"

முதல் இடத்தில், "முதலில் கொண்டுவாருங்கள் சார், அப்புறம் பார்க்கலாம்" என்றார்கள். இரண்டாவது இடத்தில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க ஆள் இல்லை. மூன்றாவது இடம் மற்ற இரண்டையும்விட நாலு மைல் தள்ளி இருக்கிறது. அங்கே ஒரு பெண் குரல் பேசிற்று. "ஸ்கான் ராத்திரியும் உண்டு. நரம்பு டாக்டர் டெலிபோனில் இருப்பார், இருபது நிமிஷத்தில் வந்துவிடுவார். ஊசி இங்கேயே இருக்கிறது. நோயாளி எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்?" என்று அவள் கேட்டாள்.

"நோயாளி யாரும் இல்லை, அம்மா. தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்" என்றேன்.

"அப்படியானால் எங்கள் எமர்ஜென்ஸி நம்பரை எழுதிக்கொள்ளுங்கள். 108-ல் ஏறினதும் வழியிலிருந்தே எங்களுக்குச் சொல்லிவிடுங்கள்" என்றாள்.

எழுதிக்கொண்டேன். மறுநாள் காலையில் பெரியம்மா வீட்டுக்குப் போய், அடுப்பங்கரைக் கதவின் பின்பக்கம், பால் கணக்குக் காலண்டருக்குப் பக்கத்தில் அந்தச் சீட்டை ஒட்டினேன். பெரியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து பார்த்தாள்.

"இது நம்ம தெருக்கோடியில இருக்கிறது இல்லையே? தூரமாச்சே?" என்றாள்.

"தூரம்தான், பெரியம்மா."

அவள் இன்னொரு தடவை நம்பரைப் படித்துப் பார்த்துவிட்டு, ஓரம் பிரிந்திருந்த இடத்தை விரலால் அழுத்தி ஒட்டினாள்.